லேக் மார்க்கெட் காமுவின் கோம்பை

காமு கோபக்காரி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க இலாகா அதிகாரியாக இருந்த காலத்தில் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற கப்பல் ஏஜெண்டுகளும் சிபாரிசோடு வந்த பெரிய மனிதர்களும் அந்தக் கோபத்தை அனுபவித்திருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதிலில், இரண்டாம் தடவை கேட்க யாருக்கும் தெம்பு இருக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது கோபத்தையும் கூடவே கொண்டுவந்தாள். கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று.

அவள் பிறந்ததிலிருந்து குடியிருக்கும் வீடு லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. சிவப்பு சிமெண்டுத் தரை போட்ட பழைய மாடி வீடு. அப்பா அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி வேலைக்குக் கல்கத்தா வந்து, கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தார். அவருக்குப் பிறகு காமு வாடகைக்கு இருக்கிறாள். வீட்டுக்காரரின் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டுக்குப் போனதும் வீட்டை ஒரு ப்ரமோட்டருக்குத் தள்ளிவிட்டார்கள். பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நம் ப்ரமோட்டர் சுஜித். நாற்பது வயசு இருக்கும், வாயைத் திறந்தால் தேன். மாடியில் இருந்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காமு கிளம்பவில்லை.

அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாய் தானாக உடைந்தது. சாக்கடை தானாக அடைத்துக்கொண்டது. வாசல் கேட்டை மறித்து ஒரு லாரி மணல் தானாக வந்து குவிந்தது. ஒருநாள் காலை முற்றத்தில் செத்த எலி கிடந்தது, மறுநாள் இன்னொன்று. சுஜித் வந்து தலையைச் சாய்த்துக்கொண்டு, "மாஷிமா, தனியா இருக்கீங்க, எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது" என்று வங்காளியில் உருகினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். காமு அவனைப் பெரியம்மா முறை சொல்லிக் கூப்பிடவேண்டாம் என்றாள். செத்த எலியைக் காகிதத்தில் சுற்றி அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினாள்.

நாய் வளர்ப்பது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். அவளுக்கு இருந்த ஒரே உறவு தம்பி வெங்கடநாராயணன். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று சால்ட் லேக்கில் ஃப்ளாட்டில் இருப்பவன். வெங்கட்டுவுக்குச் சண்டை என்றாலே ஆகாது. கேமரா வைத்துக்கொள் என்றான், அது வேண்டாமென்றால் ஒரு லாப்ரடார் வாங்கிக்கொள் என்றான். காமு அவனிடம் கேட்டதைவிட மார்க்கெட் மெஸ்ஸில் சாப்பிட வரும் ஜெய்ராமிடம் கேட்டது உபயோகமாக இருந்தது. ஜெய்ராம் தேனிப் பக்கத்துப் பையன், செக்டார் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை. சாம்பார் நன்றாக இல்லை என்று மெஸ்காரரிடம் காமு போட்ட சண்டையில் அவள் கட்சி சேர்ந்து பழக்கமானவன்.

"லாப்ரடார் அந்த ஆளு மடியிலேயே போய்ப் படுத்துக்கிரும்மா" என்றான் ஜெய்ராம். "எங்கூர்ப் பக்கம் கோம்பைன்னு ஒரு சாதி இருக்கு. இப்பல்லாம் அசல் கெடைக்கிறதே கஷ்டம். வேணும்னா சொல்லி வைக்கிறேன். ஆனா அது நீங்க சொல்றதக் கேக்கும்னு மட்டும் நெனைக்காதீங்க. அதுவா பாக்கும், அதுவா முடிவு பண்ணும்."

"நானும் யார் சொல்றதையும் கேக்கறதில்லே" என்றாள் காமு. "கொண்டுவா."

அடுத்த லீவில் ஊருக்குப் போன ஜெய்ராம் திரும்பும்போது ரயிலில் நாய்ப்பெட்டியில் போட்டுக் குட்டியைக் கொண்டுவந்தான். செம்பட்டை நிறம், முகவாய் மட்டும் கரியில் தோய்த்த மாதிரிக் கறுப்பு. முதுகுத்தண்டில் ஒரு கறுப்புக் கோடு. ஹவுராவிலிருந்து வந்த களைப்பில் கூட அது யார் மடியிலும் ஏறவில்லை. வீடு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, காமு போட்டு வைத்த மெத்தையை மோந்து பார்த்துவிட்டு, குழாயடிக்கும் கேட்டுக்கும் நடுவில் வெறும் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அதுதான் அதன் இடம். மன்னார் என்று பெயர் வைத்தாள். சந்துக்காரர்கள் அதைத் தங்கள் ஊர்க் குடும்பப் பெயராக்கி மான்னாபாபு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாபு எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் ஆறு மாதம் இரண்டு கோபக்காரர்கள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். காமு வா என்றால் அது வராது. போ என்றால் போகாது. உட்கார் என்று அவள் தொண்டை கிழியக் கத்தினால், கொட்டாவி விட்டுவிட்டு முதுகைக் காட்டிப் படுக்கும். ஆபீஸில் ஐம்பது பேரை ஆட்டிவைத்தவளுக்கு இது தாங்கவில்லை. நாய்க்குப் பாடம் சொல்கிறேன் என்று பாலிகஞ்சிலிருந்து ஒருவர் வந்தார். கையில் பிஸ்கெட், வாயில் இங்கிலீஷ். மன்னார் அவரை வெகுநேரம் பார்த்தது. குரைக்கவில்லை, உறுமவுமில்லை, எழுந்து நின்றது, அவ்வளவுதான். வந்தவர் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றைக்குத்தான் காமுவுக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்தது.

முட்டை ஓட்டைக்கூடத் தொட்டறியாத பிராமண வீட்டில், முற்றத்தில் தனி அடுப்பு வைத்து, தனிப் பாத்திரத்தில் கோழிக்கால் கொதித்தது. மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் திட்டிக்கொண்டே காமு கிளறுவாள். அதுவோ கோழியைத் தின்றுவிட்டு, கடைசியில் அவள் தட்டில் மிஞ்சும் தயிர்சாதத்துக்காகக் காத்திருக்கும். அவள் கையிலிருந்து மட்டும்தான் சாப்பிடும். அடுத்த வீட்டு முகர்ஜி தாத்தா தினமும் காலையில் தெருநாய்களுக்கெல்லாம் பிஸ்கெட் போடுகிற புண்ணியவான். அவர் கம்பி வழியாக நீட்டிய பிஸ்கெட்டை மன்னார் பார்க்கக்கூட மாட்டேன் என்றது. அன்பைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளாத நாயை அவர் ஜென்மத்தில் கண்டதில்லை. ஒரு மாதம் காமுவோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

ஆனால் எலி விழுவது நின்றது. மணல் லாரி வேறு சந்துக்குப் போயிற்று. அளவு எடுக்கிறோம் என்று டேப்போடு வந்த ஆட்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று வானத்தை அளந்துவிட்டுப் போனார்கள். மன்னார் காலையில் குழாயடியில், மாலையில் மாடிப்படி அடியில், எங்கே எப்போது இருக்கவேண்டும் என்று அதுவே ஏதோ கணக்கு வைத்திருந்தது. அப்பா போனதற்குப் பிறகு முதல் தடவையாகக் காமு கதவைத் தாழ் போட மறந்து தூங்கினாள்.

வினை வந்தது டெங்குவில். காய்ச்சலில் கிடந்தபோது அவள் தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது, வேலைக்காரி வைத்த எதையும் மன்னார் தொடவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் இது பட்டினி கிடந்தே சாகும் என்று அவளுக்குப் புரிந்தது. இன்னும் ஒரு கையையாவது இது ஏற்றுக்கொண்டாக வேண்டும். அந்தக் கை யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கூடப்பிறந்தவன் இருக்கிறானே.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வெங்கட்டு சால்ட் லேக்கிலிருந்து வந்து முற்றத்தில் ஒரு நாற்காலியில் பயந்துகொண்டே உட்காருவான். காமு அவன் கைமேல் தன் கையை வைத்து, விரலை விரலால் மூடிக்கொண்டு, தயிர்சாதத்தை நீட்டுவாள். மன்னார் மோந்து பார்க்கும், நகர்ந்துவிடும். மறுபடி நீட்டுவாள். "நம்மாத்து மனுஷாடா, சாப்பிடு" என்று அதன் காதில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். வேறு யாருக்காகவும் அவள் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. குளிர்காலம் முடிந்து வெயில் ஏறும் சமயத்தில், ஒருநாள் அவள் கையை எடுத்த பிறகும் மன்னார் வெங்கட்டுவின் கையிலிருந்து தின்றது. அவன் மணிக்கட்டை நக்கியது. அன்று மாலை காமு பாயசம் வைத்தாள்.

அந்த வருஷம் பூஜை முடிந்து துர்க்கையைக் கரைத்த மறுநாள் பிஜோயா. வங்காளிகள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை வணங்கி, சின்னவர்களைக் கட்டிக்கொண்டு, தித்திப்பு தின்கிற நாள். வருஷம் முழுக்க முகம் பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு வருவார்கள். வந்தவரை வாசலில் நிறுத்தக்கூடாது. காமு கல்கத்தாவில் பிறந்தவள், இதில் ஒன்றும் குறை வைக்கமாட்டாள். அவள் பிஜோயாவுக்குச் சுடும் தேன்குழலுக்காகவே சந்தில் பாதிப் பேர் வருவார்கள். அன்றும் கேட்டை விரியத் திறந்து வைத்துவிட்டு, மன்னாரின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தார் நாயைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றே கும்பிட்டார்கள். மன்னாரும் பொறுத்துக்கொண்டது.

அப்போது சுஜித் வந்தான். பட்டு ஜிப்பா, கையில் சந்தேஷ் மிட்டாய் டப்பா. எதிரியானாலும் பிஜோயாவுக்கு வந்தவன், போ என்று சொல்ல முடியுமா? தேன்குழல் தட்டை எடுக்கக் காமு பட்டையிலிருந்து கையை எடுத்தாள். நம் பக்கத்தில் நமஸ்காரம் செய்கிறவர்கள் தள்ளி நின்று தரையில் விழுவார்கள். வெங்கட்டுவின் பெண் ப்ரியா அப்படித்தான் செய்வாள், மன்னார் அதைப் பார்த்திருக்கிறது. வங்காளியோ விறுக்கென்று குனிந்து கையை நேரே பெரியவர் காலுக்குக் கொண்டுபோவான். சுஜித் குனிந்தான். அவன் விரல் காமுவின் பாதத்தைத் தொடுவதற்குள் மணிக்கட்டு மன்னாரின் வாயில் இருந்தது.

கடித்துக் குதறவில்லை. பிடித்துக்கொண்டு நின்றது. காமு விடு என்று சொல்லி, அது யோசித்து, பிறகு விட்டது. நாலு பல் பதிந்து கொஞ்சம் ரத்தம். ஆனால் கும்பிட வந்தவனைக் கடித்த நாய் என்றால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? மறுநாள் சந்தில் பூஜைப் பந்தல் போடும் கிளப் பையன்கள் கூடினார்கள். முகர்ஜி தாத்தாவுக்கு அந்த பிஸ்கெட் ஞாபகம் வந்தது. சுஜித் கையில் இருந்த கட்டு முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. நாயை வெளியேற்றவேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். நாய் போனால் அடுத்தது நான் என்று காமுவுக்கு நன்றாகவே தெரியும். அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தின் அடியில் ஒரு பயமும் இருந்தது. அதை அவள் யாருக்கும் காட்டவில்லை.

கொஞ்ச நாள் என் வீட்டில் வைத்துக்கொள்கிறேனே என்று வெங்கட்டு சொல்லிப் பார்த்தான். காமு மாட்டேன் என்றாள். ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் வந்தபோது, நாயைத் தனியே விட்டுப் போக மனசில்லாமல் அவனைத்தான் கூப்பிட்டாள்.

"நான் வரவரைக்கும் இங்கேயே இரு. யார் வந்தாலும் கேட்டைத் திறக்காதே" என்றாள்.

"நீ தைரியமாப் போயிட்டு வா, அக்கா. நான் இருக்கேனே" என்றான் வெங்கட்டு.

ஸ்டேஷனில் அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து மறந்துபோனார்கள். அதிகாரி வருவார் என்றார்கள். சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். கடைசியில் வந்த அதிகாரி, நாயைக் கட்டிப் போடுங்கள் மேடம் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். இந்த ஒரு வரிக்கா இவ்வளவு நேரம் என்று அவரையும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். கேட் திறந்திருந்தது. குழாயடியில் யாரும் இல்லை. முற்றத்தில் தயிர்சாதம் போட்ட தட்டு காலியாக, சுத்தமாக நக்கப்பட்டு இருந்தது. வெங்கட்டு போனை எடுக்கவில்லை.

நாய் கத்தியதா, முரண்டு பிடித்ததா என்று முகர்ஜி தாத்தாவைக் கேட்டாள். இல்லையே, உன் தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான், அது பின்னாலேயே போய் வேனில் ஏறிக்கொண்டது என்றார் அவர். காமு நடுச்சந்தில் நின்றுகொண்டு அழுதாள். அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

சால்ட் லேக்கில் வெங்கட்டுவின் ஃப்ளாட் மூன்றாவது மாடி. காமு கதவைத் தட்டிய சத்தத்தில் எல்லா மாடியிலும் கதவு திறந்தது. அவள் உள்ளே போகவில்லை. படிக்கட்டிலேயே நின்று, தம்பி பிறந்ததிலிருந்து அன்று வரைக்கும் அவனுக்குச் செய்ததை எல்லாம், தமிழ் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று வங்காளியில் சொன்னாள். வெங்கட்டு உள்ளே வா, உள்ளே வா என்று கெஞ்சினான். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. புதுக் கட்டடத்தில் காமுவுக்கு ஒரு ஃப்ளாட் தருவதாக சுஜித் சொல்லியிருக்கிறான். ப்ரியாவுக்கும் ஒன்று. பெண்ணுக்குக் கல்யாண வயசு. அக்காவோ கேட்கமாட்டாள். நாய் இல்லாவிட்டால் கேட்பாள்.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன்" என்றான் வெங்கட்டு.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்கள் எல்லாம் இதைத்தான் சொல்வார்கள். நாய் எங்கே என்று மட்டும் கேட்டாள். ராஜார்ஹாட் பக்கம் சுஜித் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் சிமெண்ட் மூட்டைக்குக் காவலாக வைத்திருப்பதாகச் சொன்னான்.

அங்கே மன்னாரை ஒரு இரும்புத் தூணில் கட்டியிருந்தார்கள். கயிற்றைக் கடித்துக் கடித்து ஈறில் ரத்தம் கட்டியிருந்தது. கூலிக்காரர்கள் தண்ணீர்ச் சட்டியை ஒரு மூங்கிலால் தள்ளி வைத்திருந்தார்கள். யாராலும் கிட்டப் போக முடியவில்லை என்றார்கள். காமு நேரே போய்க் கயிற்றை அவிழ்த்தாள். சுஜித் மாடியிலிருந்து அவசரமாக இறங்கி வந்தான். திருட்டு என்று எழுதிக் கொடுத்து உன்னை உள்ளே தள்ளுகிறேன் பார் என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்களால அதைத் தொடக்கூட முடியாது, மாஷிமா" என்றான். "உங்க தம்பிதான் தன் கையால கொண்டுவந்து கட்டிட்டுப் போனார்."

அவள் வாயை அடைத்தவன் அதுவரை பிறந்திருக்கவில்லை. சுஜித் அடைத்துவிட்டான், அதுவும் உண்மையைச் சொல்லி. அவள் மன்னாரின் பட்டையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். நாயைப் பார்த்துவிட்டு எந்த டாக்ஸியும் நிற்கவில்லை. கடைசியில் காலிச் செங்கல் வண்டி ஒன்று ஏற்றிக்கொண்டது. பின்னால் செங்கல் தூளில் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பழைய சுங்க அதிகாரி பைபாஸ் ரோடு வழியாக லேக் மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மன்னார் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குழாயடியில் படுத்துக்கொண்டது. காமு வக்கீலைப் பார்த்தாள். கிளப் பையன்களைக் கூப்பிட்டு, காவல் நாய் உள்ள வீட்டில் எப்படிக் கும்பிடவேண்டும் என்று பாடம் நடத்தினாள். முகர்ஜி தாத்தாவிடம் போய் நாய் சார்பில் ஒரு மன்னிப்புக் கேட்டாள், அது அவளுக்கு மிகக் கசந்தது. கேட்டுக்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டாள். சுஜித்துக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கும் சண்டை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அவள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

வெங்கட்டு மூன்று ஞாயிறு வரவில்லை. நாலாவது ஞாயிறு காலையில் வந்தான். உள்ளே வர தைரியம் இல்லாமல் கேட்டுக்கு வெளியே நின்றான். இளைத்திருந்தான். காமு முற்றத்திலிருந்து பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. மன்னார் எழுந்தது. வெங்கட்டு ஒரு அடி பின்வாங்கினான். மன்னார் கேட்டுக்குப் போய், கம்பி வழியாக மூக்கை நீட்டி, அவன் மணிக்கட்டை நக்கியது. வால் ஆடிய ஆட்டத்தில் பின்னுடம்பு முழுக்க ஆடியது.

வெங்கட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தில் நிம்மதியான ஒரு சிரிப்பு வந்தது.

"பாரு அக்கா, அதுக்கே என்மேலே கோபம் இல்லே" என்றான்.

காமுவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. எழுந்து போய், கேட்டுக்கும் நாய்க்கும் நடுவில் தன் உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு கத்த முடியும் என்று அவளுக்கே தெரியும், ஆனால் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"நம்மாத்து மனுஷான்னு நான்தான்டா அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். நம்பித்து. நீ கட்டிப்போட்டுட்டு வந்தப்பறமும் நம்பறது, அதுக்கு அதை மறக்கத் தெரியலே. அது உன்னை உள்ளே விடும், வெங்கட்டு. நான் விடமாட்டேன்."

தாழ்ப்பாளைத் தள்ளிப் பூட்டைப் போட்டாள். வெங்கட்டு கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மார்க்கெட் பக்கம் நடந்தான். மன்னார் அவள் காலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, அவன் சந்து திரும்புகிற வரைக்கும் வாலாட்டிக்கொண்டே இருந்தது. காமு அதைத் திட்டவில்லை.